பலாக்கட்டை கிட்டாருக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்னால் ஒருமுறை முழுக்கப் பூட்டிப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. லாஸ்பேட்டையில் இருக்கிறீர்கள். பண்ருட்டிப் பக்கம் தாத்தா தோட்டத்தில் 'தானே' என்ற புயலில் சாய்ந்த பலா மரத்தின் பலகை ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தது. அதை ஓர் ஆசாரியிடம் கொடுத்து ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர்) வடிவத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் பாடி வெட்டி வாங்கியாயிற்று. நெக் (கழுத்து), கம்பியின் அதிர்வை எடுக்கும் மூன்று சிங்கிள் காயில் பிக்கப், ட்ரெமலோ கைப்பிடி இல்லாத பிரிட்ஜ் (கம்பிகளைப் பாடியில் தாங்கும் பாகம்), முன்பக்கம் மூடும் தகடான பிக்கார்டு எல்லாம் தனித்தனியாக வந்து சேர்ந்துவிட்டன. "நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர்) நல்லதா, பி.யு. (பாலியூரித்தேன்) நல்லதா? ஐப்பசி பிறந்துவிட்டது, கிறிஸ்துமஸ் ஆராதனைக்குள் முடியுமா?" என்று கேட்கிறீர்கள். பெயிண்டைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் தாத்தாவின் மரத்தை என் கையாலேயே பாழாக்கிவிடுவேனோ என்ற பயம்தான் கேள்விக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. பாழாகாமல் செய்யலாம். அதற்கு முதலில் வேலையின் வரிசை சரியாக இருக்க வேண்டும், அடுத்தது ஈரத்தைக் கவனிக்க வேண்டும். எந்த பெயிண்ட் என்பது அதற்கெல்லாம் பிறகு.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் எடைபோட முடியும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்பா மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போட்டவர். பள்ளி விடுமுறை என்றால் என் கையில் உப்புத்தாள் இருக்கும். பிறகு ஒரு கார் பெயிண்டிங் பட்டறையில் 4 வருடம் ஸ்ப்ரே கன் பிடித்தேன். 18 வருடமாக கிட்டார் பழுது பார்ப்பதும் பாடிக்கு ஃபினிஷ் போட்டுப் பூட்டித் தருவதும்தான் தொழில். நெக் நான் செய்வதில்லை. பாலியஸ்டர் ஃபினிஷ் என் கையால் அடித்ததில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

முதலில் வரிசை. புதிதாகச் செய்பவர்கள் பாடி கைக்கு வந்ததும் பெயிண்டில் இறங்கிவிடுகிறார்கள். பளபளவென்று முடித்துவிட்டு, அதன் பிறகு நெக்கை வைத்துப் பார்த்தால் நெக் உட்காரும் பள்ளமான பாக்கெட் அரை மில்லிமீட்டர் இறுக்கமாக இருக்கும். அல்லது பிரிட்ஜ் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்த நேரத்தில் உளியை எடுத்தால் பெயிண்ட் செதில் செதிலாகப் பெயரும். ஆகவே வெறும் கட்டையாக இருக்கும்போதே எல்லாவற்றையும் பூட்டுங்கள். எல்லாத் துளைகளையும் போட்டு, கம்பி கட்டி, சுருதி சேர்த்து, வாசித்துப் பாருங்கள். தப்பு இருந்தால் இப்போது ஒரு மரக்குச்சியும் பசையும் போதும், துளையை அடைத்து வேறு இடத்தில் போடலாம். அந்தத் தழும்பு பிக்கார்டுக்கு அடியிலோ நிறத்துக்கு அடியிலோ போய்விடும்.

நெக் பாக்கெட்டில் இருந்து தொடங்குங்கள். ஃபெண்டர் வகை நெக்கின் அடிப்பகுதி அகலம் சுமார் 56 மி.மீ., பாக்கெட்டின் ஆழம் சுமார் 16 மி.மீ. இந்த எண்களை நம்பி ஆசாரியைத் திருத்தச் சொல்ல வேண்டாம், உங்கள் கையில் இருக்கும் நெக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இருபுறமும் சேர்த்து ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் போதும். திருகாமலே கையில் தூக்கினால் நெக் பாடியைப் பிடித்துக்கொண்டு வரும் அளவு இறுக்கம் நல்லது என்று பலர் சொல்வார்கள். வெறும் கட்டைக்கு அது அழகுதான். ஆனால் பக்கச் சுவர்களில் ஃபினிஷ் ஏறியதும் அதே இறுக்கம் ஆப்பு அடித்த மாதிரி ஆகி, பாக்கெட்டின் மூலையில் பெயிண்ட் விரிசல் விடும். பழைய கிட்டார்களில் அந்த மூலையில் மயிரிழை விரிசல் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது பிரிட்ஜ். இங்கே ஒரு தையல் நூல் பெரிய கருவி. நெக்கை கிளாம்பு போட்டு நிறுத்துங்கள், திருக வேண்டாம். பிரிட்ஜைத் தோராயமான இடத்தில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் நிறுத்துங்கள். நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டின் முதல் பள்ளத்திலிருந்து, பிரிட்ஜில் அந்தக் கம்பியைத் தாங்கும் முதல் சேடிலுக்கு ஒரு நூல், ஆறாவது பள்ளத்திலிருந்து ஆறாவது சேடிலுக்கு ஒரு நூல் இழுத்துக் கட்டுங்கள். இப்போது நேர் மேலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் (விரல் பலகையின் குறுக்குக் கம்பி) இரண்டு நூலுக்கும் விரல் பலகையின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளி இருபக்கமும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நெக்கைச் சிறிது அசையுங்கள், பிரிட்ஜை அரை மில்லிமீட்டர் நகர்த்துங்கள். நூல் பொய் சொல்லாது. நான் அளவுகோலால் மையக்கோடு போட்டு, கோட்டின்படி பிரிட்ஜ் வைத்து ஏமாந்திருக்கிறேன். பாடியின் மையமும் நெக்கின் மையமும் ஒன்றாக இருந்தால்தான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம் உண்டு.

நட்டிலிருந்து சேடில் வரை கம்பியின் நீளத்தைப் பொறுத்தவரை, உங்கள் நெக் ஸ்ட்ராட் வகை என்றால் அளவு 25½ அங்குலம், அதாவது 648 மி.மீ. சோதிக்க எளிய வழி உண்டு. நட்டின் உள்விளிம்பிலிருந்து 12வது ஃப்ரெட் வரை அளந்தால் 324 மி.மீ. வர வேண்டும். 314 வந்தால் அது கிப்சன் அளவு நெக், பிரிட்ஜ் இடமே மாறிவிடும். முதல் கம்பியின் சேடிலை முன்பக்கம் ஏறக்குறைய முழுக்கத் தள்ளி வைத்து, அதன் உச்சி 648இல் நிற்கும்படி பிரிட்ஜைக் குறியுங்கள். மற்ற சேடில்கள் எல்லாம் இதிலிருந்து பின்னால்தான் போகும், ஆறாவது கம்பி 3, 4 மி.மீ. வரை கூடப் பின்னால் போகும். அந்த இடத்தை விட்டு வைக்காமல் துளை போட்டுவிட்டால் பிறகு சுருதி எந்த நாளும் சரியாக நிற்காது.

நெக்கைத் திருகும்போது, பாடியில் உள்ள துளை 5 மி.மீ. இருக்கட்டும், ஸ்குரு அதில் தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். நெக்கில் போடும் துளை சுமார் 3.2 மி.மீ. டிரில் பிட்டில் ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விரல் பலகை வழியே பிட்டின் முனை எட்டிப் பார்க்கும். ஸ்குருவை மெழுகுவர்த்தியில் தேய்த்துத் திருகுங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்து ஸ்குருவைத் துருப்பிடிக்க வைக்கும், நம் ஊர்க் கடல் காற்றில் அது சீக்கிரமே நடக்கும். அப்புறம், எல்லோரும் மறக்கும் துளை ஒன்று உண்டு. பிரிட்ஜின் அடியிலிருந்து கண்ட்ரோல் குழிக்கு எர்த் கம்பி போகும் சாய்ந்த துளை. பெயிண்டுக்குப் பிறகு நீளமான பிட்டை வைத்துக்கொண்டு அந்தத் துளை போடுவது நெஞ்சு படபடக்கும் வேலை, இப்போதே போட்டுவிடுங்கள்.

இனி மரம். தானே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. உங்கள் பலகை அன்று சாய்ந்த மரத்துடையது என்றால் உலர்வதற்கு வேண்டிய காலம் தாராளமாகக் கிடைத்திருக்கிறது. ஆனால் உலர்ந்த மரமும் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தால் மரத்தினுள் ஈரம் ஏறக்குறைய 12 சதவீதத்தில் நிற்கும். 80 சதவீதம் என்றால் 15, 16 வரை ஏறும். புதுச்சேரியிலும் கடலூரிலும் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டாவது கணக்குதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது என் பட்டறையில் ஃபினிஷ் போடாத பாடி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. 2.3 கிலோ எடையுள்ள கட்டை. மழை விட்டு ஒரு வாரம் கழித்து எடை போட்டபோது 40 கிராமுக்கு மேல் கூடியிருந்தது. அதற்கு மேல் அன்றே லேக்கர் அடித்திருந்தால் அந்த ஈரத்தை உள்ளே வைத்து மூடியிருப்பேன். பங்குனியில் மரம் சுருங்கும்போது ஃபினிஷ் துளைகளுக்குள் உள்வாங்கி, மேற்பரப்பு அம்மைத் தழும்பு மாதிரி ஆகியிருக்கும்.

ஈரம் அளக்கும் கருவி இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும். பாடியை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். மூன்று வாரம் எண் மாறாமல் நின்றால், அதுவும் வறண்ட மாதத்தில் நின்றால், மரம் தயார்.

பலாவைப் பற்றிச் சில விஷயங்கள். பண்ருட்டிப் பலா வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம் என்பது நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுவும் பலாக்கட்டையில் குடைவதுதான். ஆனால் அங்கே மரம் குடையப்பட்டு, உள்ளே காற்று அதிர்கிறது. உங்களுடையது 45 மி.மீ. கனமுள்ள கட்டை, சத்தத்தை எடுப்பது பிக்கப்பின் காந்தமும் சுருளும். வீணைக்குப் பெயர் வாங்கிய மரம் என்பதால் இந்தக் கிட்டாரும் அப்படியே நாதம் தரும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த பலாவின் நல்ல குணங்கள் வேறு. வைரம் பாய்ந்த பகுதி எளிதில் உளுக்காது, உலர்ந்த பின் அதிகம் கோணாது, திருகாணியை நன்றாகப் பிடிக்கும். கெட்ட குணம், ரேகை ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னிக் கிடக்கும். இழைப்புளி ஓட்டினால் ஒரு பட்டை வழவழப்பாகவும் பக்கத்துப் பட்டை பிய்ந்தும் வரும். ஆகவே கடைசி வேலையை உப்புத்தாளிடம் விட்டுவிடுங்கள். மஞ்சளாகத் தெரியும் கட்டை வெளிச்சம் பட்டுப் பட்டு வருடக்கணக்கில் தேன் நிறமும் பழுப்புமாக மாறும். அந்த மாற்றம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எடையையும் பாருங்கள். ஸ்ட்ராட் பாடிக்கு வழக்கமான ஆல்டர் மரம் கன மீட்டருக்கு சுமார் 450 கிலோ, பலா 600 கிலோவை ஒட்டி வரும். ஆல்டரில் 1.9 கிலோ வரும் பாடி பலாவில் இரண்டரை கிலோவைத் தொடும். இரண்டு மணி நேர ஆராதனையில் தோளில் தெரிகிற வித்தியாசம் இது. பிக்கார்டு மூடும் பகுதியில் ஆசாரியிடம் சொல்லிக் கொஞ்சம் குடைந்து குறைக்கலாம். பிரிட்ஜுக்கும் நெக் பாக்கெட்டுக்கும் அருகில் மட்டும் கை வைக்க வேண்டாம். 10 நம்பர் கம்பி செட் (முதல் கம்பி 0.010 அங்குலம்) சுருதி சேர்த்து நிற்கும்போது இழுவிசை மொத்தம் 45 கிலோவுக்கு மேல், அதைத் தாங்கும் இடங்கள் அவை.

இப்போது பெயிண்ட். நைட்ரோ, அதாவது என்.சி. லேக்கர், தின்னர் ஆவியாகி உலர்வது. புதுப் பூச்சு பழைய பூச்சைக் கரைத்து ஒன்றாகிவிடும், அதனால் பின்னாளில் ஒட்டுப் போடுவது எளிது. மெல்லியதாக இருக்கும், சீக்கிரம் கீறும், வருடங்கள் போனால் மஞ்சளிக்கும். 2கே பி.யு. கடினமாக்கி கலந்து வேதிவினையால் இறுகுவது. கெட்டியாக, பளபளப்பாக நிற்கும், வியர்வையைத் தாங்கும், ஆனால் ஒட்டுப் போட்டால் எல்லை தெரியும். இவை இரண்டும் உறுதியான வித்தியாசங்கள். நைட்ரோ மரத்தை "மூச்சு விட" வைக்கும், அதனால் சத்தம் திறந்து வரும் என்பது உறுதியில்லாத பேச்சு. ஒரே பாடியில் பி.யு.வைச் சுரண்டிவிட்டு நைட்ரோ அடித்து, அதே பிக்கப்போடு இரண்டு முறை கேட்டிருக்கிறேன், என் காதுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. காது கூர்மையான ஒருவர் கேட்டதாகச் சொன்னால் அவரோடு சண்டை போடவும் மாட்டேன். ஆனால் அந்த நம்பிக்கைக்காக நீங்கள் நைட்ரோவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

தாத்தா மரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ரேகை தெரியட்டும், நிறத்தால் மூட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நிறம்தான் வேண்டும் என்றால் அதிலும் குறையொன்றும் இல்லை. ஃபெண்டர் கம்பெனியே கார் பெயிண்டைத்தான் கிட்டாருக்கு எடுத்தது, அவர்களுடைய ஃபியஸ்டா ரெட் 1956ஆம் வருடத்து ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் நிறம். இன்றும் கார் பெயிண்ட் கடையில் கலர் கோடு சொன்னால் கலந்து தருவார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, பலா சாயம் விடும் மரம். இலங்கையிலும் சயாமிலும் பிக்குகளின் காவித்துணிக்கு நிறம் ஏற்றியதே பலாக்கட்டையில் எடுத்த சாயத்தால்தான். வெள்ளையோ வெளிர் நிறமோ அடிக்க நினைத்தால் மீந்த துண்டில் முழு வேலையையும் செய்து ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுப் பாடியைத் தொடுங்கள்.

கிறிஸ்துமஸ் கேள்விக்கு வருகிறேன். டிசம்பருக்குள் ஃபினிஷ் போட வேண்டாம். லேக்கரின் தின்னர் விரைவாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளியே வேர்ப்பது போல, ஈரக்காற்றிலிருந்து நீர் அந்தக் குளிர்ந்த படலத்தில் படிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். பளபளப்பு வர வேண்டிய இடத்தில் பால் ஊற்றிய மாதிரி வெளுப்பு வரும். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னரை மெல்லிய புகை மாதிரி அடித்தால் பெரும்பாலும் அந்த வெளுப்பு போகும், ஆனால் மழை மாதத்தில் அதை ஒவ்வொரு பூச்சுக்கும் செய்துகொண்டிருக்க முடியாது. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது. 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நான் ஸ்ப்ரே கன்னை எடுப்பதே இல்லை. இங்கே மாசி முதல் ஆனி வரை நல்ல காலம், காலை 9 மணி முதல் 11 மணி வரை நல்ல நேரம். மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று வறண்டு அடிக்கும்போது வேலை ஓடும். மதியத்துக்கு மேல் கடல் காற்று திரும்பினால் ஈரமும் மணலும் சேர்ந்து வரும், கடையை மூடிவிடலாம்.

இதை அவசரப்பட்டு ஒருமுறை கற்றுக்கொண்டேன். பல வருடம் முன்பு, கடலூர் முதுநகரிலிருந்து ஒரு பையன் இதே போலக் கிறிஸ்துமஸுக்குள் வேண்டும் என்று வந்தான். அவன் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் இரண்டு நாள் வெயில் வந்தது, அடித்தேன். 20ஆம் தேதி கைக்குக் காய்ந்துவிட்டது, நகம் வைத்தாலும் பதியவில்லை. 23ஆம் தேதி பூட்டிக் கொடுத்தேன். புத்தாண்டு முடிந்து திரும்பக் கொண்டுவந்தான். பின்பக்கம் முழுவதும், கேஸின் உள்ளே இருந்த வெல்வெட் துணியின் நெசவு வரி வரியாகப் பதிந்திருந்தது. இடுப்புப் பக்கத்தில் அவனுடைய சட்டைப் பொத்தானின் நான்கு துளையும் தெரிந்தன. அவன் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. முழுக்கச் சுரண்டிவிட்டு மாசியில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். லேக்கர் தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு, உள்ளே வரை தின்னர் வெளியேறி இறுகுவது வேறு. கடைசிப் பூச்சுக்குப் பிறகு குறைந்தது 4 வாரம் காற்றோட்டமாகத் தொங்க வேண்டும்.

அதனால் உங்களுக்கு என் யோசனை இது. இப்போது நான் சொன்னபடி வெறும் கட்டையாகப் பூட்டுங்கள், அந்தக் கட்டையையே கிறிஸ்துமஸுக்கு வாசியுங்கள். வியர்வையும் எண்ணெய்க் கையும் மரத்துக்குள் இறங்காமல் இருக்க, மழை விட்ட ஒரு நாளில் 220 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்து, அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியால் ஒரே ஒரு மெல்லிய கை (பூச்சு) தடவிவிடுங்கள். கரைசலை ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியில் மெழுகு படிந்த பிறகு மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். மெழுகில்லாத அரக்குக்கு மேல் பின்னால் லேக்கரோ பி.யு.வோ எது அடித்தாலும் பிடிக்கும். ஃபர்னிச்சருக்கு அடிக்கும் பளபளப்பு ஸ்ப்ரே எதையும் கிட்டே கொண்டுவர வேண்டாம். அதில் சிலிக்கோன் இருந்தால் பிறகு அடிக்கும் பெயிண்ட் மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகும். இரண்டு மாதம் வாசித்தால் எந்த இடம் விலாவில் குத்துகிறது, எங்கே முழங்கை உரசுகிறது என்று உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் தேய்த்துச் சரிசெய்த பிறகு மாசியில் ஃபினிஷுக்கு வரலாம்.

மாசியில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 120, 180, 220 என்று ரேகையின் போக்கிலேயே தேய்த்து வாருங்கள். 220 முடிந்ததும் ஈரத் துணியால் துடையுங்கள். நார் எழும்பி முள் முள்ளாக நிற்கும், உலர்ந்த பின் மறுபடி 220, பிறகு 320. பாடியின் கொம்புகளின் முனையிலும் அடிப்புறத்திலும் ரேகை குறுக்கே வெட்டுப்பட்ட வெட்டு முகம் இருக்கிறது, அங்கே இரண்டு மடங்கு நேரம் செலவிடுங்கள், இல்லாவிட்டால் கீறல் கறுப்பாகத் தெரியும். பலாவின் துளைகள் பெரியவை, துளைகளை நிரப்பும் ஃபில்லர் இல்லாமல் கண்ணாடி மாதிரி வராது. ஃபில்லரை ரேகைக்குக் குறுக்கே அழுத்தித் தேய்த்து, மங்கியதும் சாக்குத் துணியால் குறுக்கேயே துடைத்தெடுங்கள். மறுநாள் தேய்த்துவிட்டு இன்னொரு முறை. லேக்கருக்கு அடியில் போடும் சீலர் இரண்டு கை, லேக்கர் ஆறிலிருந்து எட்டு கை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு மணி நேரம், நாளுக்கு மூன்று கைக்கு மேல் வேண்டாம். நெக் பாக்கெட்டின் தரையை டேப்பால் மூடி, அதிலேயே ஒரு ரீப்பர் கட்டையைத் திருகிக்கொண்டால் பிடிக்கவும் தொங்கவிடவும் வசதி.

ஸ்ப்ரே கன் இல்லையா? அரக்கையே பத்துப் பதினைந்து கையாகத் துணியால் ஏற்றலாம், அல்லது டங் எண்ணெய் மாதிரி உலரும் எண்ணெய் தடவலாம். பளபளப்பு குறைவு, கைக்கு இதமாக இருக்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள் அல்லது தண்ணீரில் முக்கிப் போடுங்கள். லேக்கர் ஆவி தரையோடு படர்ந்து போகும், பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கம் அடிக்கவே கூடாது. பி.யு. வேண்டுமென்றால் வீட்டில் வேண்டாம். அதன் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆஸ்துமாவாக நின்றுவிடும், துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. கார் பெயிண்ட் பூத் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் இதனால் இந்தத் தொழிலையே விட்டார்.

நான்கு வாரம் கழித்து 800, 1000, 1500, 2000 என்று தண்ணீர் போட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றுங்கள். விளிம்புகளில் தாளை அழுத்தாதீர்கள், படலம் மெல்லியதாக இருக்கும் இடம் அதுதான், நாலு இழுப்பில் மரம் தெரிந்துவிடும். தண்ணீர் ஸ்குருத் துளைகளுக்குள் இறங்கினால் மரம் உப்பி, துளையைச் சுற்றி ஃபினிஷ் வெடிக்கும். துளைகளை முதலிலேயே மெழுகால் அடைத்துவிடுங்கள்.

மறுபடி பூட்டும்போது பெரிய வேலை மிச்சமில்லை, எல்லாம் ஒருமுறை பொருந்தியவைதான். ஒவ்வொரு ஸ்குருத் துளையின் வாயிலும் படலத்தைக் கையாலேயே கவுண்டர்சிங்க் பிட்டை ஒரு சுற்றுச் சுற்றி விலக்குங்கள், இல்லாவிட்டால் ஸ்குரு இறங்கும்போது படலத்தைத் தூக்கும். குழிகளுக்குள் செப்புத் தாள் ஒட்டி, துண்டுகள் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்து, எர்த்தோடு சேருங்கள். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) வழக்கம். எல்லாம் முடிந்து ஆம்பில் போட்டதும் கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைய வேண்டும், கூடினால் எங்கோ எர்த் விட்டிருக்கிறது. இன்னொன்று, கிட்டாரின் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு நேராக இணைந்தவை. நம் பக்கத்துப் பழைய வீடுகளிலும் மேடைகளிலும் மூன்றாவது பின் வெறும் ஓட்டையாக இருப்பது சாதாரணம். வாசிப்பதற்கு முன் எலெக்ட்ரீஷியனை வைத்து அந்த சாக்கெட்டைச் சோதித்துவிடுங்கள்.

செட்டப் பற்றிச் சுருக்கமாக. 7வது, 8வது ஃப்ரெட் பக்கத்தில் நெக்கின் வளைவு 0.2 மி.மீ., 12வது ஃப்ரெட்டில் முதல் கம்பியின் உயரம் 1.6, ஆறாவது 2 மி.மீ. என்று தொடங்கி உங்கள் கைக்கு ஏற்ப மாற்றுங்கள். 12வது ஃப்ரெட்டில் அழுத்திய சுரம் ஹார்மோனிக்கைவிட (அதே இடத்தில் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். லேக்கர் போட்ட கிட்டாரை ரப்பர் சுற்றிய ஸ்டாண்டில் விடாதீர்கள், ரப்பர் லேக்கரை இளக்கிக் கறை போடும், பருத்தித் துணி சுற்றிவிடுங்கள்.

இன்று மாலை செய்ய வேண்டியது ஒன்றுதான். பாடியைத் தராசில் வைத்து, தேதியையும் எடையையும் ஒரு டேப்பில் எழுதி நெக் பாக்கெட்டுக்குள் ஒட்டுங்கள். அடுத்த வாரம் அந்த எண்ணையும், நூல் கட்டிய பிறகு கடைசி ஃப்ரெட்டில் இருபக்கமும் எத்தனை மில்லிமீட்டர் வந்தது என்பதையும் இதே இடத்தில் எழுதுங்கள், துளை போடும் முன் நான் பார்த்துச் சொல்கிறேன்.